கண்ணாடியும் ஜட்டி எலாஸ்டிக்கும்

நிட்டிங் மெஷின் ஃபிட்டர் வேலைக்கு வந்தால் ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும்: எந்த போல்ட்டைக் கண்டாலும் இன்னொரு சுத்து முறுக்காமல் கை அடங்காது.

செல்போன் கைக்கு வந்த புதுசில், தொலைநோக்கி செய்யும் பித்தும் எனக்குச் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி ஒன்றை ஞாயிறுதோறும் ஒரு வருஷம் குழிவாகத் தேய்த்தேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுக்கொடுத்தவள் என் மனைவி சாந்தாமணி. "சனியோட வளையத்தை உனக்குக் காட்டாம விடமாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். தேய்ப்பது சுலபம் மக்களே, கண்ணாடியைக் குழாய்க்குள் உட்கார வைப்பதில்தான் தாவு தீர்ந்தது. கண்ணாடி தேய்த்த சக பாவிகளுக்கு இது தெரியும்.

கிளிப்

விழுந்தால் ஒரு வருஷம் போச்சே என்ற பயம். கண்ணாடியின் விளிம்பில் மூன்று கிளிப் வைத்து, ஃபிட்டர் புத்தியில் மூன்றையும் இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். அவ்வளவு தடியான கண்ணாடி வளையும் என்று யார் கண்டது? ஒத்திகை பார்க்க எங்கள் முதலாளியை மொட்டை மாடிக்குக் கூட்டிவந்தேன். பெரிய மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நட்சத்திரமெல்லாம் மூன்று மூலையாகத் தெரிந்தது.

"ஏப்பா, நச்சத்திரத்தக் காட்டறேன்னு கூட்டியாந்து சமோசாவக் காட்டறயே!"

எலாஸ்டிக்

கிளிப்பைத் தளர்த்தி, அடிவிளிம்பைத் தொட்டில்போலத் தாங்க ஒரு பட்டை போட்டேன். பனியன் ஊர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? ஜட்டி இடுப்பு எலாஸ்டிக்! குழாய் நிமிர்ந்து நிற்கும்வரை தேவலை. மேற்கே இருந்த சனியைப் பார்க்கச் சாய்த்ததும் எலாஸ்டிக் நீண்டு கண்ணாடி தொபுக்கென்று இறங்கிவிட்டது. ஆசையாக மாடியேறி வந்த சாந்தா வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழாயைத் தூக்க வந்திருந்த திருநெல்வேலிக்காரர் துரைராஜ், என்னோடு வேலை செய்யும் ஃபிட்டர், எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது மனுசன் இடுப்புலயே ஒழுங்கா நிக்க மாட்டேங்கு, கண்ணாடியவா நிப்பாட்டும்?"

டேப்

மறுநாள் சாந்தா வேலம்பாளையத்துக் கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு துண்டு காட்டன் டேப் கொண்டுவந்தாள். எட்டு வருஷமாக டெய்லர் அவள். டீ-சர்ட் தோளில் அந்த டேப்பைத்தான் வைத்துத் தைக்கிறாள்.

"தோளு இழுத்துத் தொங்கக் கூடாதுன்னுதானுங்க நாங்க நாளெல்லாம் இதத் தைக்கறோம். என்னைய ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

ஸ்பேனர்

டேப் தொட்டில் துளி நீளவில்லை. கிளிப்புகளைக் கண்ணாடியில் படாமல் ஒரு காகித இடைவெளி விட்டு நிறுத்தினேன். ஆனாலும் கை கேட்கவில்லை. சாந்தா கண் வைத்துச் சனியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விழுந்துவிட்டால் என்று ஸ்பேனரோடு பின்பக்கம் போனேன். அவள் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அந்த வளையம் சனியத் தொடவே இல்லீங்க, ஆனாலும் உழுகாம நிக்குது பாருங்க. நீங்களும் அந்த ஸ்பேனரக் கீழ வைங்க சாமி!"

அன்றிலிருந்து நான் மாடியேறும்போதெல்லாம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.