ஏழாம் நம்பரின் இடது கை

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அது ஃப்ளைவெயிட் சண்டைதான். மாமியார் பேச்சுக்கோ தண்ணி லாரிக்கோ நாங்கள் குரல் உயர்த்துவதில்லை. உலகத்திலேயே நுணுக்கம் அதிகம் உள்ள ஃப்ளைவெயிட் குத்துச்சண்டை வீரர் யார் என்று பேச்சு வந்தால் போதும், கீழ்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள்.

ஐம்பத்தோரு கிலோவுக்குள் இருப்பவர்களின் பிரிவு அது. ஓர் அரிசி மூட்டையின் கனம். அந்த எடையில் ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பது அபூர்வம் என்பதால் காலும் கண்ணும்தான் சோறு போடும். நானும் அந்த எடையில் ஆடியவள், என் கணவரும் ஆடியவர். ராயபுரத்தில் ஒரே மைதானத்தில் பழகி, சண்டை பிடித்து, கல்யாணம் செய்துகொண்டோம். இப்போது அவர் மணலியில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடைச் சீட்டு போடுகிறேன். லாரிகளை நிறுக்கிற அந்த மேடையில் நான் ஏறி நின்று குதித்தாலும் எண் அசையாது.

விவகாரம் தொடங்கியது என் பதினாறாவது வயதில். தண்டையார்பேட்டையில் ஒரு மொபைல் கடையில் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுப்பார்கள். "அண்ணா, பாக்சிங் வீடியோ கீதா? சின்ன வெயிட்டு" என்று கேட்டேன். பொம்பளைப் பிள்ளை பாட்டுக் கேட்காமல் இதைக் கேட்கிறதே என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பதினான்கு வீடியோ ஏற்றித் தந்தார். ஃப்ளை 1, ஃப்ளை 2 என்று பதினான்கு வரைக்கும் எண்தான். ஆடுகிறவர் பெயர் ஒன்றிலும் இல்லை. அந்தக் கார்டு மைதானம் முழுக்கக் கைமாறியது. அதனால் எங்கள் செட்டுக்கு உலக வீரர்கள் எல்லாம் வெறும் நம்பர்கள்.

பிறகு நல்ல போன் வந்தது. மெக்சிகோ, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று உலகம் கொண்டாடும் ஆட்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தோம். கணவர் உயிரை விடுகிற பதினோராம் நம்பர் யார் என்றுகூடத் தெரிந்துவிட்டது. என் ஏழாம் நம்பர் மட்டும் எங்கும் அகப்படவில்லை. அந்த வீடியோவில் பலகைகளில் இருந்ததெல்லாம் சுருள் சுருளான எழுத்து. தாய்லாந்தாக இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டினோம்.

ஏழாம் நம்பர் இடது கைக்காரர். வலது காலை முன்னால் வைத்து நிற்பார். அந்தக் கால், எதிராளியின் இடது காலுக்கு வெளியே போய் நைசாக உட்காரும். உட்கார்ந்த மறுநொடி இடது கை நேராகப் போய்த் தாடையில் நிற்கும். எதிராளி திருப்பி அடித்தால் அங்கே ஆள் இருக்காது. பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. வலது கைக்காரர்கள் இடது காலை முன்வைப்பதுதான் வழக்கம், அதைத்தான் நேராக நிற்பது என்போம். சோற்றுக்கை வலதாக இருந்தும், நான் அவரைப் போலவே மாறி நிற்க ஆரம்பித்தேன். கோச் கத்தினார். நான் கேட்பேனா? மாவட்ட அளவில் மூன்று முறை ஜெயித்தும் காட்டினேன்.

இருபத்தொரு வயதில், தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் கடைசி ஆட்டம். எதிரில் வந்தவள் பிறவி இடது கைக்காரி. அவளுக்கும் வலது கால் முன்னால், எனக்கும் வலது கால் முன்னால். வெளியே போய்க் கால் வைக்க எதிரில் இடது கால் இல்லாததால், ஏழாம் நம்பரிடம் படித்த பாடம் ஒன்றுகூட உதவவில்லை. புள்ளியில் தோற்றேன். அதோடு என் ஆட்டம் முடிந்தது.

அன்றைக்கு வளையத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் இன்று என் கணவர். வாதம் சூடேறினால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

"உன் ஏழுக்கு இன்னாமே தெறம? அவன் லெஃப்ட்டு, அவ்ளோதான். எதிராளிக்குப் பழக்கம் இல்ல, மெர்சலாயிட்டான். அத்தப் பாத்து நீயும் திரும்பி நின்ன பாரு... நேரா நின்னிருந்தா அன்னிக்கு ஜெயிச்சிருப்ப."

"யோவ், ஒன்னோட பதினொன்னு மாதிரி மூஞ்சில வாங்கிகினு ஜெயிக்கிறது தெறமையா? அடி படாம ஆடறதுதான்யா தெறம. வந்துட்டாரு பேச."

வெளியே இப்படிச் சீறினாலும் உள்ளே அந்த வார்த்தை குத்தும். ஏழாம் நம்பர்தான் பெரிய ஆள் என்று நிரூபித்துவிட்டால், நான் அன்று மாறி நின்றதும் சரி என்று ஆகிவிடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

போன மாதம் பெரிய டிவி வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கணவர் சமையலறையில் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருக்க, நான் பென் டிரைவில் ஏழாம் நம்பரைப் போட்டேன். கயிற்றோரம் மாட்டிக்கொண்டு எத்தனை நொடி அடி வாங்காமல் நிற்கிறார் என்று எண்ணிச் சொல்லிக் கணவர் வாயை அடைக்க எண்ணம். மணி அடிக்கிறவரின் மேசைமேல் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. போனில் அது வெறும் வெள்ளைப் புள்ளி. டிவியில் முள்ளே தெரிந்தது.

நொடி முள் பின்னால் ஓடியது.

கடிகாரம் கெட்டுப்போனது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் எண்களைக் கவனித்தேன், மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. கடிகாரம் இல்லை, படமே திரும்பியிருந்தது. நெட்டில் திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்கள், யாரும் கண்டுபிடித்துத் தூக்கிவிடாமல் இருக்கப் படத்தை இடம் வலமாகப் புரட்டி ஏற்றுவார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

எங்கள் டிவிக்கு எதிர்ச்சுவரில் பீரோ. டிவிக்கு முதுகைக் காட்டி நின்று, பீரோ கண்ணாடியில் ஆட்டத்தைப் பார்த்தேன். முள் ஒழுங்காக ஓடியது. ஏழாம் நம்பர் இடது காலை முன்வைத்து நேராக நின்றார். அவர் வலது கைக்காரர்.

ரிமோட் கையில்தான் இருந்தது. அணைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"யோவ், இங்க வந்து இந்தக் கண்ணாடியப் பாரு."

கை ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்தார். கடிகாரத்தைக் காட்டினேன். சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை. ஒரு ரவுண்டு முழுக்கக் கண்ணாடியிலேயே பார்த்தார்.

"அப்ப எதிராளிதான் லெஃப்ட்டு" என்றார் மெதுவாக. "இவன் நேரா நின்னுகினு, ஒரு லெஃப்ட்ட இம்மாம் ஈசியா ஆட வுடாம பண்றான். உன் ஏழுதாம்மே பெரிய ஆளு. ஒத்துக்கறேன்."

பதினாறு வயதிலிருந்து, பதின்மூன்று வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். வந்தபோது துளி சந்தோஷம் இல்லை. நேராக நின்று ஓர் இடது கைக்காரனை ஜெயிப்பது எப்படி என்பதைத்தான் ஏழாம் நம்பர் அத்தனை வருஷமும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த ஓர் ஆட்டத்துக்கு எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய்த் தோற்றிருக்கிறேன்.

கணவருக்கும் அது உறைத்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. 'நேரா நின்னிருந்தா' என்ற அந்தப் பழைய பல்லவியை இப்போது பாடியிருந்தால் அழுதிருப்பேன். பாடவில்லை. டீப்பாயைச் சுவரோரம் தள்ளினார். வலது காலை முன்னால் வைத்து, அன்று என்னைத் தோற்கடித்தவளை மாதிரியே இடது கைக்காரராக எதிரில் நின்றார்.

"வா" என்றார்.

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு இடது காலை முன்னால் வைத்தேன். யாருடைய காலோ மாதிரி இருந்தது. அதை அவர் வலது காலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, வலது கையை நேராக விட்டேன். மெதுவாகத்தான் விட்டேன். தாடையில் போய் நின்றது. அவரால் தடுக்க முடியவில்லை. மீன் வாசனை அடிக்கும் கையால் தாடையைத் தடவிக்கொண்டார்.

"இத்த அன்னிக்கு எங்கமே வச்சிருந்த?"

"போன்லதான்யா இருந்திச்சு" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் நின்ற நிலையை மாற்றவில்லை. "அழாத" என்றார். "இன்னொரு தபா அடி."