பட்டாபிராம் கேட்டில் இறங்கிப்போன பிரேக்

திருநின்றவூரிலிருந்து பூந்தமல்லி சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஆவடி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ் என்று போனால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். சொந்தக் காரில் போனால் ஒரு பகல் பொழுது ஆகும். எண்பதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கார் என்னைவிடச் சற்றே இளையது. என்னைவிட அதிகமாக இருமும். வாங்கி மூன்று மாதம்தான். பிரேக்கை மிதித்தால் பெடல் பாதாளம் வரை போய், வண்டியை நிறுத்தலாமா என்று யோசித்துவிட்டு நிறுத்தும். பக்கத்தில் உட்காரும் என் மனைவி சரளா, தன் பக்கம் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவாள். அங்கே ரப்பர் விரிப்பில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. அன்று சாயந்திரம் பூந்தமல்லியில் அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: “இன்னிக்கு ஒரு தடவை ஏறி வரேங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா திரும்பறப்ப நான் பஸ்ஸு. நாளைக்கே இத வித்துடணும்.”

எனக்குக் கவலையில்லை. காலையிலேயே வண்டி சோதிக்கப்பட்டுவிட்டது. எங்கள் தெருவில் பாதிப்பேர் ஆவடித் தொழிற்சாலைக்காரர்கள். நானும்தான், ஆனால் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. ஸ்பேனரை எண்ணத் தெரியும், பிடிக்கத் தெரியாது. நான்கு பேர் வந்து ஆளுக்கொரு சக்கரத்தின் முன் குந்தினார்கள். தொழிற்சாலையில் எப்படியோ அப்படியே இங்கும்: அவரவர் செக்‌ஷனை அவரவர் பார்ப்பார்கள், அடுத்தவர் செக்‌ஷனில் மூக்கை நுழைக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் அவரவர் டயரில் சாக்பீஸால் ‘ஓகே’ போட்டார்கள். ஒருவர் பெடலைப் படபடவென்று நாலு மிதி மிதித்தார்; அது கல் மாதிரி நின்றது. காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான்கு ஓகேக்களும் உருள, பதினொரு மணிக்குக் கிளம்பினோம்.

பதினொன்றரை மணி. பட்டாபிராமில் ராணுவக் கிடங்குக்குப் பிரியும் சைடிங் ரயில் பாதையின் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, பென்ஷன் வாங்கப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தை நோக்கிச் சாலை கொஞ்சம் மேடாக ஏறும். அந்த மேட்டில் பிரேக்கை மிதித்தபடி பெட்டிகளை வேடிக்கை பார்த்தேன். காலுக்கடியில் பெடல் மெதுவாக, மிக மெதுவாக, இறங்கிக்கொண்டே போனது. நான் அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை. திடீரென்று பின்னாலிருந்து டிக்கியைத் தட்டும் சத்தம்.

“யோவ் அண்ணாத்தே, பின்னாடி வந்துகினே கீறியே, ஆம்லெட்டு போடப் போறியா?”

எங்களுக்குப் பின்னால் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி. அதன் முன்பலகையில் மீன் இல்லை, அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். அவற்றுக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கைப் பிரேக்கை இழுத்தேன். வண்டி அப்படியே நின்றது. முட்டைக்காரர் அதன் பிறகு சொன்னவற்றில் அச்சேறக் கூடியது எதுவும் இல்லை.

சரளா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கைப் பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது புடிக்குது. இதுவும் அதே சக்கரத்தத்தானே புடிக்குது? அப்ப சக்கரத்துல குத்தமில்ல. நடுவுல எங்கயோ போவுதுங்க” என்றாள். நான்கு செக்‌ஷன்காரர்கள் காலையெல்லாம் குந்திப் பார்த்தும், பெடலை மிதித்துப் பிடித்தபடி காத்திருக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது யாருடைய செக்‌ஷனும் இல்லை. எங்களைக் காக்க வைக்க ஒரு சரக்கு ரயில் வேண்டியிருந்தது.

கேட்டைத் தாண்டியதும் பாஷா பாயின் ஒர்க்‌ஷாப். நகர்த்தி நகர்த்தி அங்கே கொண்டுபோய் விட்டேன். பாய் முதலில் டயர்களில் இருந்த ஓகேக்களைப் படித்துவிட்டு, வண்டி பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறதா என்று விசாரித்தார். சக்கரங்களின் உட்புறம் எண்ணெய்க் கசிவு இல்லை. டப்பாவில் பிரேக் எண்ணெய் குறையவும் இல்லை. “எண்ண வெளிய போவல. பெடலுக்கு அந்தாண்ட கீற மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சி, உள்ளாறயே பூந்து பூந்து வந்துகினு கீது. பட்டுனு மிதிச்சா நிக்கும். புடிச்சிகினு இருந்தா எறங்கும்” என்றார். அறுபது பைசா டிக்கெட்டில் ஆவடி மார்க்கெட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமையும் பாதிக் கதவு திறந்திருந்த ஒரே கடையில் ரப்பர் வாங்கி வந்தேன்.

மூன்று மணி. புது ரப்பர் மாட்டியாயிற்று. குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, பாய் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூடுவார். மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. நான் உட்கார்ந்தேன். மூன்று முறையும் அவசரப்பட்டுக் காலை எடுத்தேன்.

“நீ உட்டா காத்து திரும்ப பூந்துக்கும் நைனா. எறங்கு. அம்மாவ உக்கார சொல்லு.”

நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சரளா உட்கார்ந்தாள். மிதி என்றால் மிதித்தாள், பிடி என்றால் பிடித்தாள், விடு என்று கேட்கும்வரை அந்தக் கால் மயிரிழைகூட அசையவில்லை. மூன்று மாதப் பயிற்சியாயிற்றே. நாலு சக்கரமும் முடிந்த பிறகும் அவள் இறங்கவில்லை. பெடலை மிதித்தபடி, சாலையைப் பார்த்துக்கொண்டு, நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு, தட்டு மாற்றி முடித்து இலை போடும் நேரத்துக்குச் சரியாகப் போனோம். சாப்பிட்டதும் என் மாமனார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சரளாவுக்கு நினைவுபடுத்தினார். அவள் கேட்காதவள்போல காரின் முன்கதவைத் திறந்து ஏறினாள்.

வந்த வழிதான்: கரையான்சாவடி, பருத்திப்பட்டு, ஆவடி. பட்டாபிராமில் கேட் மறுபடி மூடியிருந்தது. இந்தப் பக்கமும் மேடுதான். காலையில் பின்னால் நின்ற முட்டைகளை நினைத்தபடி பெடலை மிதித்துப் பிடித்தேன். அது இறங்கவில்லை. இருந்தாலும் என் கவனமெல்லாம் பக்கத்து விரிப்பில் இருந்த பள்ளத்தின் மேல்தான்.

பள்ளம் காலியாக இருந்தது. வீட்டில் கட்டிலில் உட்காருவதுபோல, சரளா இரண்டு காலையும் இருக்கையின் மேலே மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, மடியில் நிச்சயதார்த்தத் தாம்பூலப் பையைப் பிரித்து, எனக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.