வலது தோள்

டென்னிஸ் பார்க்கப் போகிறவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் என் மகளின் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, குளியலறை, கார் எல்லாமே இரண்டு கைகளையும் ஊன்றித்தான். அந்தத் தோளில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்று ஆழ்வார்பேட்டை டாக்டர் சொல்லியிருந்தார். முழுசாகக் கிழிந்தால் ஆறு மாதம் அந்தக் கையை ஊன்றவே கூடாதாம். எனக்கு வயது எழுபத்து நான்கு. அவளைத் தூக்க என்னால் ஆகாது. அவள் அம்மாவும் இப்போது இல்லை.

பல நாட்டுப் பெண்கள் ஆடும் சக்கர நாற்காலி டென்னிஸ் போட்டி, நம் ஊரிலேயே நடந்தது. இரட்டையர் அரையிறுதி. இவளோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவள் பட்டினப்பாக்கத்துப் பெண். அம்மா மீன் விற்கிறார். ஆட்டத்துக்கு முன் ஒருத்தியை நாற்காலியோடு பிணைக்கும் இடுப்புப் பட்டையை மற்றவள்தான் இழுத்துக் கட்டுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டார்கள்.

"இன்னா நைனா, மூஞ்சி வாடுன மத்தி மாரி கீது?" என்றாள் அந்தப் பெண், என் மகளின் பட்டையை இழுத்தபடி.

"ஓங்கி அடிக்க வேண்டாம்னு நீயாவது சொல்லும்மா."

"அக்கா தோள நான் பாத்துக்கறேன். நீ எங்கம்மா மீனு எண்ற மாரி வாய்க்குள்ளயே எண்ணிக்கினு இருக்காத. கம்முனு குந்து."

மகள் சிரித்தாள். "அவர் கேக்கமாட்டார்டீ. ஆத்துல இட்லியைக்கூட எண்ணிண்டேதான் சாப்பிடுவார்."

எண்ணத்தான் செய்தேன். தலைக்கு மேலே கை போன அடிகளை மட்டும். பதினொன்றாவது அடிக்குப் பிறகு இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். என்னவென்று காதில் விழவில்லை.

கடைசி செட். எதிராளிகள் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி பாக்கி. பந்து உயரமாக எழும்பி நேரே அவள் தலைக்கு மேல் வந்தது. ஓங்கி ஒன்று போட்டால் புள்ளி இவர்களுக்கு. மட்டை மேலே போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குத்தட்டும்க்கா! வுடு, குத்தட்டும்!" என்ற கத்தல் கேட்டுத் திறந்தேன்.

சக்கர நாற்காலி ஆட்டத்தில் பந்து இரண்டு முறை தரையில் குத்தலாம்; இரண்டாவது வெளியே விழுந்தாலும் செல்லும். மகள் கையை இறக்கிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டாவது குத்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. இடுப்பு உயரத்தில் தட்டினாள். வலையில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். வலையருகே போய் எதிராளிகளுக்குக் கை கொடுத்தாள். வலது கை. அது நன்றாக நீண்டது. ஆட்டம் முடிந்துவிட்டது, இவர்கள் தோற்றுவிட்டார்கள் என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

காரை நான் ஓட்டினேன். மந்தைவெளி தாண்டியதும் அவளே சொன்னாள்: "அடிச்சிருந்தா அந்தப் பாயிண்ட் நமக்குத்தான்ப்பா."

"தெரியும்."

"அடிச்சிருந்தா நாளைக்குக் கட்டில்லேர்ந்து யார் இறங்கறது?"

அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மறுநாள் காலை அவள் அறைக்கு வெளியே நின்றேன். முதலில் நாற்காலியின் பிரேக் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் கட்டில் முனகியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கதவில் கை வைத்துவிட்டேன். பிறகு சக்கரம் உருண்டது. மூன்றும் கேட்ட பின்தான் போய்க் காபிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.