மூடக்கூடாத லேப்டாப்

பாகூரில் பஸ் ஏறியபோது திறந்த லேப்டாப்பைச் சீர்த்தட்டு போல ஏந்தியிருந்தேன். அந்தப் பழைய பெட்டியில் புது சிஸ்டம் ஆமையாக நகர்ந்ததால், முந்தைய சிஸ்டத்துக்கே திரும்பும்படி காலையில் பட்டனை அழுத்தியிருந்தேன். 'அணைக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடினால் மகளின் கல்யாணப் படங்கள் போய்விடும் என்று பயந்து, அப்படியே புதுச்சேரி ரிப்பேர் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு மீன்காரம்மா. அகலமான குங்குமப் பொட்டு, மடியில் காலிக் கூடை. வாய் திறக்குமுன் எதிராளி முகத்தை, செவுள் தூக்கி மீன் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"இன்னாபா, கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"பழசுக்கு மாத்துறேம்மா. பாதியில நின்னுபோச்சு."

"பழசுதான, வழி தெரியும். வந்துடும்."

கூடையைச் சாய்த்துத் திரைக்கு நிழல் கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் திரை வெளுத்து, பழைய சிஸ்டம் வந்தது. படங்கள் பத்திரமாக இருந்தன. சந்தோஷத்தில் மணமேடைப் படத்தை அவருக்கே முதலில் காட்டினேன்.

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொண்ணு நல்லா சிரிக்குது. உன் மூஞ்சி அன்னிக்கும் பஸ் ஏறுனப்ப மாதிரி பயந்துதான் இருந்துக்குது. அன்னிக்கு இன்னாபா நின்னுபோச்சு?"

கேட்டுவிட்டு, பனித்திட்டு மீனவ ஊருக்குத் திரும்பும் இடத்தில் இறங்கிவிட்டார். நல்லதுதான். அன்றைக்கு ஒன்றுமே நிற்கவில்லை, சும்மாவே பயந்துகொண்டிருந்தேன் என்று அந்தப் பார்வைக்கு முன்னால் எப்படிச் சொல்வது?