வெள்ளிக்கிழமை மீனும் விற்றமின் குளிசையும்

உம்மாவின் தங்கையான என் சாச்சியின் மகள் கனடாவுக்குப் போகப்போகிறாள், போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "ராத்தா, கொண்டு போற சாமான்ல விற்றமின் குளிசையும் வைக்கவா? அங்க அது மெய்யாவே தேவையா, இல்லாட்டி சும்மா ஊர்க்கதையா?"

நான் டொக்டர் இல்லை. ஆனாலும் வெளிநாட்டுக்குப் போகிற எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாம் இதை என்னிடம்தான் கேட்கிறார்கள். ஓம் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். எழுத உட்கார்ந்தால் எனக்கு உம்மாவின் முகம்தான் வருகிறது. சாச்சியின் மகளுக்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்கு முன் இதை எழுதுகிறேன்.

சாய்ந்தமருதில் எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் இருந்தது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உம்மாதான் காக்காவைக் கடற்கரைக்கு அனுப்பினார். காக்கா என் ஒரே மூத்த சகோதரன், இருபத்து நான்கு வயது, லீவு நாளில் எழும்பப் பஞ்சிப்படுகிற ஆள். "தோணி வந்திரிக்கும் மகன். சூடை கிடைச்சா வாங்கிட்டு வா. கெதியா வா, சுணங்காத" என்று உம்மா இரண்டு தரம் எழுப்பினார். காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் வாங்குகிற பையை விரலில் சுற்றிச் சுற்றிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரவே இல்லை.

உம்மாவும் நானும் பக்கத்து மாடிவீட்டுப் படியில் ஏறித் தப்பினோம். வாப்பா கல்முனைச் சந்தையில் நின்றதால் தப்பினார். காக்காவின் உடல் கிடைக்கவில்லை. வாப்பா மூன்று மாதம் தேடினார், பிறகு பள்ளியில் உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை வைத்தார்கள்.

அந்த நாட்களில் ஊரில் யாருமே கடல் மீன் வாங்கவில்லை. ஏன் என்று எவரும் எவரிடமும் கேட்கவும் இல்லை. குளத்து மீன், கோழி, முட்டை என்று காலம் போனது. பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு வீட்டிலும் மீன் மணக்கத் தொடங்கியது. பசிக்கும் பிள்ளைக்கும் யார் பதில் சொல்வது? எங்கள் வீட்டில் மட்டும் மணக்கவில்லை. உள்ளே தள்ளி வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்துக் குடிபோன பிறகும் உம்மா மீன் சட்டி ஒன்று வாங்கவில்லை. "அவன் கிடக்கிற கடல்ல பிடிச்சத நான் எப்பிடிடி கழுவுற?" என்று ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. உம்மா என்னைத் தின்னாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன். உம்மா தின்னாததை நான் தின்றால் காக்காவை நான் மட்டும் மறந்துவிட்டதுபோல் இருக்கும் என்று பயம்.

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த பெண் பெற்ற வீட்டை விட்டு எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கென்று கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோனதால் அந்த வழக்கமும் என் விஷயத்தில் உடைந்தது. இங்கிலாந்தில் வேலை செய்கிற ஒருவரை முடித்து, வடக்கே ஒரு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மாரியில் காலை எட்டு மணிக்கும் இருட்டு, பின்னேரம் நாலு மணிக்கும் இருட்டு. வெயில் வந்தாலும் நான் அபாயாவுக்குள், அதற்கு மேல் குளிர்ச்சட்டை, அதற்கு மேல் இன்னொன்று. முகமும் இரண்டு கையும்தான் வெளியில். ஊரில் வெயிலுக்குக் குடை பிடித்துத் திரிந்தவளுக்கு வெயில் என்பது உடம்புக்குத் தேவையான ஒரு பண்டம் என்று யார் சொல்லித்தந்தது?

மூன்றாம் வருஷம் நான் கர்ப்பமானேன். அதற்கு முன்பே முழங்காலும் இடுப்பும் நொந்தன. தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்பச் சுவரைப் பிடித்தேன், இருபத்தாறு வயதில்! இரத்தம் சோதித்த பெண் டொக்டர் கேட்டார்: வெயிலில் நிற்கிறாயா? இல்லை. மீன் தின்கிறாயா? இல்லை. எந்த ஊர் என்று கேட்டார். கடற்கரை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விற்றமின் டி மிகவும் குறைவு, உனக்கும் வேண்டும், வயிற்றில் இருக்கிற பிள்ளையின் எலும்புக்கும் வேண்டும், ஒரு நாளும் தவறாமல் குளிசையைப் போடு என்று சொல்லி எழுதித் தந்தார்.

போட்டேன், பத்து நாள். பதினோராம் நாள் குர்ஆன் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பெண், அந்த வழவழப்பான குளிசையின் கோது மிருகத்தின் எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் என்றும், அது பன்றியாகவும் இருக்கலாம் என்றும் காதுக்குள் சொன்னார். அதை நம்பிவிட்டேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. டொக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கம். இவளுக்கு மருந்திலும் மார்க்கமா என்று அந்த வெள்ளைக்காரி நினைத்துவிடுவாளே என்று வெட்கம். அதனால் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். குளிசையை ஊசியால் குத்தி, எண்ணெயைக் கரண்டியில் பிழிந்து, கோதைக் குப்பையில் போட்டேன். கரண்டியை வாய்க்கிட்டக் கொண்டுபோனபோது மீன் மணம் வந்தது. அது மீனெண்ணெயே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு மணத்தது மீன்தான், எங்கள் கடற்கரை மீன். கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன். கணவரிடம் தினமும் போடுகிறேன் என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி இரத்தம் சோதித்தார்கள். முன்னதை விடக் குறைவு. டொக்டர் ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இப்படியே போனால் பிள்ளையின் எலும்பு பலமில்லாமல் பிறக்கலாம், கால் வளையலாம், வலிப்பு வரலாம் என்று ஒவ்வொன்றாக, நான் விளங்கிக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து கணவர் அலுமாரிகளைத் திறந்து தேடினார். போத்தல் கிடைத்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தார், கழுத்துவரை குளிசை.

"உனக்கு வேணாமெண்டா போடாத" என்றார். "உள்ள இரிக்கிறவளுக்கு யார் குடுக்கிற? அவளுக்கு வேற வாய் இரிக்கா?"

நான் அழுதேன். காக்காவையும் கடலையும் பன்றியையும் எல்லாம் சேர்த்துக் குழப்பிச் சொன்னேன். அந்த மனிசன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த நாள் எனக்குத் தெரியாமல் உம்மாவுக்குக் கோல் எடுத்துக் கோள் சொல்லிவிட்டார்.

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த கிழமை அது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உம்மாவே எடுத்தார். அங்கே ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டு நேரம். சோதனைச்சாவடியில் இனி இறங்கி ஏற வேண்டாம் என்று வாப்பா சொல்வதாக ஏதோ கதைத்தார். பிறகு கதையை நிறுத்தினார்.

"போனக் காதில வெச்சிக்கொண்டிரு. வெச்சிராத."

தட்டின் சத்தம் கேட்டது. மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"உம்மா, என்ன செய்றீங்க?"

"சோறு தின்னப்போறன்."

"என்ன கறி?"

"சூடை. ஆணம் காய்ச்சினன்."

போனைக் காதோடு அழுத்தினேன். உம்மா மெல்வது கேட்டது. ஒரு வாய். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு வாய். அவர் அழுகிறாரா என்று உற்றுக் கேட்டேன், மின்விசிறிதான் கேட்டது.

"உப்புக் கூடிட்டு" என்றார். "காய்ச்சி நாலஞ்சு வருஷமாகிட்டுத்தானே, கை மறந்திட்டு. இஞ்ச பாரு மகள். அவன அனுப்பினது நான். குற்றமெண்டா அது என்ட குற்றம். அத நீ ஏன் சுமக்கிறாய்? அந்தப் பச்சப்புள்ளைக்கும் ஏன் சுமத்திறாய்? நான் தின்னிட்டன். இப்ப நீ தின்னு. தின்ற வரைக்கும் நான் போன வைக்கமாட்டன்."

திரும்பிப் பார்த்தால் கணவர் தட்டோடு நிற்கிறார். டின் மீனை வெங்காயமும் பச்சமிளகாயும் போட்டுப் பிரட்டி வைத்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த சதி! காலை ஒன்பது மணிக்கு, பாணோடு, கண்ணீரும் மூக்குமாக நான் அந்த மீனைத் தின்றேன். எந்தக் கடலில் பிடித்ததென்று டின்னில் எழுதியிருக்கவில்லை. கடலெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதானே கிடக்கின்றன. உம்மா ஒவ்வொரு வாய்க்கும் "முழுங்கிட்டியா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஜெலட்டின் இல்லாத வில்லைக் குளிசையும் இருக்கிறது, முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று சொல்லி மாற்றி எழுதினார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு என்மேல் வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவிடவில்லை. மகள் பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ், நேரான கால், அவளைத் துடைத்த தாதியின் கைக்கு ஒரு உதை விட்டாள்.

அன்று தொடங்கி எங்கள் வெள்ளிக்கிழமைக் கோல் ஒரு பழக்கமாகிவிட்டது. "இண்டைக்கு என்ன மீன் உம்மா?" என்று நான் கேட்பேன். சூடை, பாரை, கீரி என்று உம்மா சொல்வார். "நீ?" என்று கேட்பார். நானும் சொல்வேன். என் மகளுக்காகத் தொடங்கி உம்மாவும் அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன்.

சாச்சியின் மகளுக்கு நான் எழுதப்போவது இவ்வளவுதான். விற்றமின் டி வேண்டும், அந்த இருட்டுக்கும் குளிருக்கும் நம் உடுப்புக்கும் அது கட்டாயம். இரத்தம் சோதித்து, டொக்டர் சொல்கிற அளவு போடு. முடிக்கு, நகத்துக்கு, தோல் மினுங்க என்று கடையில் அடுக்கியிருக்கிற மற்றப் போத்தல்களை நான் வாங்கிப் பார்த்துவிட்டேன், என் முடி இருந்த மாதிரியேதான் இருக்கிறது. கோது என்ன கோது என்று வாயைத் திறந்து கேள், வெட்கப்படாதே. இவ்வளவையும் எழுதுவேன். அடுத்து வருவதை எழுதமாட்டேன்.

மகளுக்கு இரண்டு வயதானபோது ஊருக்குப் போனோம். சனிக்கிழமை போய் இறங்கினோம். அந்தக் கிழமை முழுக்கக் கோழி, முட்டை, மரக்கறி. மகளோடு வந்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. மீன் விற்கிறவர் ஒருவர் தினமும் காலையில் சைக்கிளில் எங்கள் ஒழுங்கையால் போவார். கல்முனைப் பக்கத்துத் தமிழ் ஆள். பக்கத்து வீட்டுவரை பாம் பாம் என்று கோன் அடித்துக்கொண்டு வருவார், எங்கள் படலையைத் தாண்டும்வரை பேசாமல் மிதிப்பார், அங்கால் போய் மறுபடி அடிப்பார். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் எங்கள் படலையிலேயே நின்று கோன் அடித்தார். அடுப்படியில் இருந்த உம்மா எழும்பினார். அவர் முகம், கழுவிப் போட்ட துணிபோல் ஆனது. சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"இந்தாள் மத்த நாள்ல ஏன் இஞ்ச நிக்கிறல்ல?" என்று வாப்பாவிடம் கேட்டேன்.

வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை மட்டும்தான் புள்ள இந்த வீட்டுக்கு மீன். நீ கோல் எடுக்கிற நாள்தானே. பொய் சொல்லப்படாதாம், தின்னிட்டுத்தான் உன்னோட கதைப்பா. போன வெச்ச உடனே போய்ப் படுத்தா, அசறு தொழத்தான் எழும்புவா."

இரண்டு வருஷம்! ஒவ்வொரு வெள்ளியும் என்ன மீன் என்ன மீன் என்று சிரித்துக்கொண்டு கேட்டவள் நான். என்னைப்போல ஒரு மடைச்சி இந்த உலகத்தில் இல்லை.

அறைக்குள் ஓடிப் பயணப் பையிலிருந்து என் குளிசைப் போத்தலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உம்மா சட்டியை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் சூடையை அள்ளக் கையைப் பெட்டிக்குள் விட்டிருந்தார்.

"உம்மா, வேணாம். நான் இப்ப இதப் போடுறன். புள்ளைக்கும் துளிமருந்து குடுக்கிறன். இனி நீங்க தின்னத் தேவல்ல."

உம்மா போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

"மீன்ல இரிக்கிற எல்லாம் இதுக்குள்ள இரிக்கா?"

எல்லாம் இல்லை. அது எனக்குத் தெரியும்.

"ஓம் உம்மா. எல்லாம் இரிக்கி."

"மெய்யாச் சொல்றியா?"

"மெய்தான்."

உம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டியைக் கீழே இறக்கினார். மீன்காரர் அள்ளிய சூடையைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். பெட்டியை மூடிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடுத்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் கோன் அடித்தார்.

அன்று பகல் பருப்பும் முட்டைப் பொரியலும். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, உம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டுத் தின்றார்.