காக்காய்க்கு வைத்த சோறு

போன மாதம் ஆபீஸ் லிஃப்டில் ஒரு அமெரிக்கப் பையன் என்னை முகர்ந்து பார்த்தான். பிறகு மரியாதையாகச் சிரித்து, "குட் வீக்எண்ட்?" என்று கண்ணடித்தான்.

கஞ்சா அடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். ரசத்தைத் தவிர வேறெதையும் குடிக்காத எனக்கு, இந்த வயதில் இப்படியொரு பெயர்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்கங்க் நாற்றமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்குமாம்.

ஸ்கங்க் தெரியாதவர்களுக்கு — பூனை அளவு இருக்கும். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் பட்டை. பயந்தால் வாலைத் தூக்கி ஒரு திரவத்தைப் பீய்ச்சும். அதன் பிறகு அது ஓடாது. நாம்தான் ஓட வேண்டும்.

சான்டா கிளாராவில் எங்களுடையது பழைய மரவீடு. தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகுமளவு இடைவெளி உண்டு. அங்கே ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் குடியேறிவிட்டது. சட்டை, தலையணை, இட்லி மாவு... எதுவும் தப்பவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தால்தான் கொஞ்சம் நல்ல காற்று வந்தது.

விலங்கு பிடிக்கிறவரைக் கூப்பிட்டோம். டார்ச்சோடு அடியில் போய் வந்தவர், "வெளியே எதற்காவது சாப்பாடு வைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லையே!" என்றேன். எங்களிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

என் மனைவி மாலதி பின்பக்கப் படியைப் பார்த்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் கரூரில் அவள் அப்பா இறந்தபோது, விசா சிக்கலில் அவளால் போக முடியவில்லை. எல்லாவற்றையும் வீடியோ காலில்தான் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் கிளம்புமுன், சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு, பின்பக்கப் படியில் காக்காய்க்கு வைப்பாள். மறுநாள் காலையில் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். "அப்பா சாப்பிட்டுட்டாருங்க" என்பாள். கடைசியாக முகம் பார்க்க வராத மகள் மேல் அவருக்குக் கோபமில்லை... காலித் தட்டுக்கு அவளிடம் அதுதான் அர்த்தம்.

விலங்கு பிடிக்கிறவர் சொன்னபடி படியருகே கேமரா வைத்தோம். அடுத்த நாள் நாங்களும் மகளும் போனில் பார்த்தோம். பகல் முழுக்க ஒரு காக்காய்கூட வரவில்லை. பொழுது சாய்ந்ததும் படிக்கு அடியிலிருந்து ஸ்கங்க் வந்தது. அவசரமே இல்லை. தட்டில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் முடித்தது. பின்னாலேயே நான்கு குட்டிகள்.

"அம்மா... தட் இஸ் நாட் தாத்தா" என்றாள் மகள்.

யாரும் சிரிக்கவில்லை. மாலதி சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"அப்ப ரெண்டு வருஷமா அவர் ஒரு வாய்கூட சாப்பிடலையாங்க?"

ஆபீஸில் எத்தனையோ கேள்விகளுக்குத் தெரியாமலே பதில் சொன்னவன் நான். இப்போது குழாயை மட்டும் மூடினேன்.

குட்டிகள் நடக்க ஆரம்பித்திருந்ததால் விலங்கு பிடிக்கிறவருக்கு வேலை சுலபமாக முடிந்தது. வெளியே போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது — அப்படி ஒரு கதவை அடியில் பொருத்தி, குடும்பத்தையே கிளப்பிவிட்டார். இனி சாப்பாட்டை வெளியே விட்டுவைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலதி இன்னொன்று சொன்னாள். இத்தனை நாளும் தட்டை வைத்தாளே தவிர, ஒரு தடவைகூட 'கா... கா...' என்று கூப்பிட்டதில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று பயம்.

கூப்பிடாத வீட்டுக்கு யார்தான் வருவார்? இந்த ஊருக்கு வந்தபிறகு நாம் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்யப் பழகிவிட்டோம். சாமி கும்பிடுவதை, தும்முவதை, அழுவதை...

இப்போது காலையில் தட்டோடும் லேப்டாப்போடும் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறாள். எதுவும் வராவிட்டால் தட்டை உள்ளே எடுத்துவந்துவிடுகிறாள். சில நாள் யாரும் வரவில்லை. ஒருநாள் ஒரு காக்காய் வேலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

போன வியாழக்கிழமை டீம் மீட்டிங் நடுவில் அது கீழே இறங்கியது. ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொரு வாய். மேனேஜர் மாலதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் மைக்கை அணைத்துவிட்டு, கண்ணீரைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பதில் சொல்லலை?" என்று பிறகு கேட்டேன்.

"அப்பா சாப்பிடறப்ப எப்படிங்க பேசறது?"

மேனேஜரிடம் நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லியிருக்கிறாள்.