மெழுகு செர்ரி

ரொட்டியைக் கையில் எடுத்தால், கடிப்பதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுப் பார்ப்பாள். பழமானாலும் அப்படித்தான். "என்ன, நிஜம்தானா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவளுக்குச் சிரிப்பு வராது. பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் வைக்க மெழுகில் கேக்கும் பழமும் செய்து கொடுப்பது அவள் தொழில். கடைக்காரர்களுக்கு அவள் மெழுகக்கா. அவள் செய்ததைப் பார்த்து நாக்கில் நீர் ஊறாதவர்கள் குறைவு. அவளுடைய பெருமையும் அதுதான், பயமும் அதுதான்.

பயம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. வேலை அறைக்குப் பூட்டு, போதாததற்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். நான்கு வயது மகளுக்குத் திராட்சையைக்கூட நெடுக்குவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுப்பாள். "ஒரு பழம் தொண்டையில மாட்டினா போதுங்க. அப்புறம் நாம இருந்து என்ன?" என்பாள். "நீ பயப்படறதுக்கு யாராவது சம்பளம் கொடுத்தா நான் வேலைய விட்டுடுவேன்" என்பார் அவர்.

இந்த லட்சணத்தில் அந்த வீட்டுக்கு எந்தக் குழந்தையை அழைப்பது? மகள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, அவற்றுக்குப் பேர் சொல்லி விருந்து போட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள், "எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போறாங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்மா யாரும் வர மாட்டேங்கறாங்க?" என்று கேட்டுவிட்டது. பெற்ற மனம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சமையல் விளையாட்டு என்று ஏற்பாடானது. அதே தெருவில் இருந்த தையல்காரம்மாவின் இரட்டைப் பையன்கள் வந்தார்கள். டீச்சரின் மகள் வந்தாள்.

ரொட்டித் துண்டில் முகம் செய்ய வெள்ளரிக்காய்க் கண், கேரட் மூக்கு, எல்லாமே சின்னச் சின்னதாக. தலைக்குக் காகிதத் தொப்பி. நடுவில் அவளே சுட்ட நிஜ கேக். கேக்கை அலங்கரிக்கும் சுழல்பலகை வேலை அறையில் இருந்ததால் அங்கேதான் கிரீம் பூசினாள். மேலே செர்ரிகளை வைத்தபின் அவற்றுக்குக் கொட்டை உண்டே என்று நினைவு வந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூரப் போட்டாள். கேக் மொட்டையாக நின்றது. அதற்குள் வாசல் மணி அடித்தது. "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடியே, கை அருகிலிருந்த தட்டிலிருந்து செர்ரிகளை எடுத்து, பழகியபடி கேக்கின் மேல் பதித்து முடித்தது. கண் அந்தப் பக்கமே போகவில்லை.

குழந்தைகள் கடை விரித்தார்கள். "சாருக்கு என்ன வேணும்?" என்று ஒரு பையன் கேட்க, "சூடா ஒரு மூஞ்சி" என்றான் மற்றவன். மகள் விழுந்து விழுந்து சிரித்தது. நால்வர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மெழுகக்கா, அப்போதுதான் நாற்காலியில் சற்றுச் சாய்ந்தாள்.

"ஆன்ட்டி, இது டக்கு டக்குங்குது" என்றான் ஒரு பையன், கேக்கின் மேலிருந்த செர்ரியைக் கரண்டியால் தட்டியபடி.

அந்தச் சிவப்பு அவள் கலந்த சிவப்பு. தட்டைப் பறித்துப் பார்த்தாள். கிரீமில் பதிந்திருந்த செர்ரிகளுக்கு நடுவே ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது.

கத்தினால் குழந்தை திடுக்கிட்டு விழுங்கிவிடும். அந்தப் பயத்தில் குரலைப் பிடித்து உள்ளே அமுக்கினாள். "டாக்டர் விளையாட்டு. எல்லாரும் ஆ காட்டுங்க பாக்கலாம்." இரட்டையர் உள்நாக்கு தெரியக் காட்டினார்கள். மகளும் காட்டியது. டீச்சர் மகள் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கட்டி நின்றது.

மெழுகக்கா மண்டியிட்டு, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. "கண்ணு, ஆன்ட்டி கையில துப்பிடும்மா." மீண்டும் தலையாட்டல்தான்.

"துப்ப மாட்டா. அடுத்தவங்க வீட்டுல கொடுத்தத துப்பக்கூடாதுன்னு அவங்கம்மா சொல்லியிருக்காங்களாம்" என்றது மகள்.

நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை, அதற்காகவே மெழுகைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றது. மெழுகக்கா உள்ளங்கையை அதன் வாய்க்குக் கீழே நீட்டினாள். "இது சாப்பாடே இல்லடா கண்ணு. ஆன்ட்டி செஞ்ச பொம்மை. தெரியாம வெச்சுட்டேன். தப்பு ஆன்ட்டியோடது."

குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. பிறகு மெல்ல வாயைத் திறந்தது. செர்ரி உள்ளங்கையில் விழுந்தது, வெதுவெதுப்பாக, ஒரு பக்கம் பல் பதிந்து. "நல்லாவே இல்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போயிற்று. மெழுகக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, மிச்ச கேக்கை வேலை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். பல் பதிந்த செர்ரியை மட்டும் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது குழந்தைகளுக்கு அந்தப் பேச்சே மறந்துபோயிருந்தது. சொல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சொன்னால் தெரு முழுக்கத் தெரியும், இனி ஒரு குழந்தை இந்தப் படியேறாது. மகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. "அடுத்த வாரமும் இவங்க வருவாங்களாம்மா?"

"ஒழுங்கா சாப்பிட்டாளா? படுத்தலையே?" என்று டீச்சர் சிரித்தார். "வேற யார் வீடுன்னாலும் கூடவே உக்காந்திருப்பேன். உங்க வீடுன்னுதான் தைரியமா விட்டுட்டுப் போனேன்."

மெழுகக்கா மூடிய கையை டீச்சருக்கு முன்னால் நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.